இடது பக்கத்துப் பிரேக்

சீட்டை இன்னும் ஒரு பல்லு முன்னால இழுத்துக்கங்க டீச்சர். ம், போதும். கிளட்ச்சை முழுசா மிதிச்சு பஸ்ட் கியரு. கையைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க. மெல்ல விடுங்க. விடுங்க... விடுங்க... பாத்தீங்களா, குலுங்காம கெளம்பிருச்சு. பதினாலு நாள்ல இந்த கிளட்ச் யாருக்கும் வராது. சும்மா சொல்லல. இருபத்திரெண்டு வருசமா இந்த இடது பக்க சீட்டுல உக்காந்திருக்கேன். போடியில பாதிப் பேருக்கு ஸ்டீரிங் புடிக்கக் கத்துக் குடுத்தவன். எனக்குத் தெரியும்.

என்ன கேட்டீங்க? வீட்டுல அவங்களும் கார் ஓட்டுவாங்களா மாஸ்டர்னா?

ஓட்டுனா. இப்ப இல்ல.

செகண்டு போடுங்க. இன்னிக்குச் சனிக்கிழமை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டமா இருக்கும், வேண்டாம். நேராப் போயி தண்ணித் தொட்டிகிட்ட வலது எடுங்க. புது நகர்ப் பக்கம் ரோடு காலியாக் கெடக்கும், நாலு சுத்து சுத்தலாம். நாலு மணிக்கு எனக்கு அங்கதான் ஒரு எடத்துக்குப் போகணும். அது கெடக்கட்டும். உங்களுக்குத் திங்கக்கிழமை டெஸ்ட். இன்னொரு அரை மணி நேரம் சேத்து ஓட்டிட்டா உங்களுக்குத்தான் நல்லது. அதுக்காகத்தான் சொல்றேன், வேற ஒண்ணும் இல்ல.

சற்குணம்னு பேரு என் வீட்டுக்காரிக்கு. பையன் திலீபன் ஓசூருக்கு வேலைக்குப் போனதும் அவளுக்குக் கை சும்மா ஆயிருச்சு. நாப்பத்தெட்டு வயசுல ஒரு நா காலையில வந்து நின்னு, "ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றீங்களே, எனக்குச் சொல்லித் தந்தா ஆகாதா"ன்னா. சரி, ஏறுன்னேன். இருபத்தஞ்சு நாள், இதே வண்டி, நீங்க உக்காந்திருக்கிற இதே சீட்டு. என்னா ஓட்டுங்கறீங்க! ஒரு நா, ஒரே ஒரு நா கூட வண்டி ஆஃப் ஆனதில்ல. டெஸ்டுக்கும் இதே வண்டிதான். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், பிரேக் இன்ஸ்பெக்டர் வெளிய நின்னு பாத்துட்டு, "யாரு மாஸ்டர் இந்தம்மா, தெளிவா நிறுத்துறாங்களே"ன்னாரு. லைசென்ஸ் வந்த அன்னிக்குத் தெருவுல ஏழு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்தா. பத்தாவது பெயிலு டீச்சர் அவ. "என் ஆயுசுல நான் பாஸ் பண்ணுனது இது ஒண்ணுதாங்க"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

ஏ, கோழி கோழி!

...நின்னுருச்சு. பாத்தீங்களா, எவ்வளவு பதமா நிறுத்துனீங்க. கோழி அது பாட்டுக்குப் போகுது. என்ன? நீங்க மிதிக்கலையா? மிதிச்சீங்க டீச்சர். அவசரத்துல கால் தானாப் போயிரும், நமக்கே தெரியாது. வண்டி ஆஃப் கூட ஆகல பாருங்க. நம்ம டிரைவிங் ஸ்கூல்ல அதான் பேரே. மத்த ஸ்கூல் வண்டியெல்லாம் நடுரோட்டுல ஆஃப் ஆகி நிக்கும், பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே பயமுறுத்திருவான். இங்க அந்தப் பேச்சே இல்ல. ம், கெளம்புங்க.

எங்க விட்டேன்? ஆங், லைசென்ஸ். அதுக்கப்புறம் சொந்தமா ஒரு வண்டி வாங்குனோம். என் மச்சினன் போசு பாத்துக் குடுத்த பழைய வண்டி, ஆனா நல்ல வண்டி. போன மாசிக்கு தேவாரத்துல ஒரு காதுகுத்து. "நானே ஓட்டிட்டு வர்றேன், நீங்க பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாருங்க"ன்னா. பட்டுச் சீலை, தலை நெறையப் பூவு. நானும் உக்காந்தேன். சில்லமரத்துப்பட்டி தாண்டி, தோட்டத்துப் பாதையிலேருந்து ஒரு மனுசன் புல்லுக்கட்டோட சைக்கிள்ல ஏறி வந்தாரு. தூரத்துலயே தெரிஞ்சாரு. பிரேக் போட வேண்டிய எடம். அவ போடல.

போடல, அவ்வளவுதான். மறந்துட்டா. ஸ்கூல் வண்டியில மணியா நிறுத்துனவ சொந்த வண்டியில மறந்துட்டா.

உசிருக்கு ஒண்ணும் ஆகல. இடுப்பெலும்பு போச்சு. சடையாண்டின்னு பேரு. ரெண்டு மாசம் படுக்கை, இப்பக் கம்பு ஊனி நடக்காரு. நல்ல மனுசன், ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருந்தாத் தேவலை.

இடது எடுங்க. இண்டிகேட்டர். ம்.

அதுலேருந்து எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு கூத்து டீச்சர். சொன்னாச் சிரிப்பீங்க. எனக்குச் சிரிக்கவும் தெம்பு இல்ல. சற்குணம் மொத ஒரு மாசம், "அந்த ஆளு அன்னிக்கே எந்திரிச்சு நடந்து போயிட்டாரே"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்போ கூட நின்னு தண்ணி குடுத்தவளே அவதான்! அப்புறம் ஒரு நா தானாத் தெளிஞ்சிருச்சு. தெளிஞ்சதுலேருந்து காலையில எந்திரிச்சதும் தூக்குச்சட்டியில இட்லி எடுத்துக்கிட்டு, பஸ் ஏறி அந்த ஆளு வீட்டுக்குப் போயிருவா. நிதமும். அவரு பொண்டாட்டி, "எங்க வீட்டுலயும் அடுப்பு எரியுதுக்கா, வேண்டாம்"னு சொல்லியும் கேக்க மாட்டா.

மச்சினன் போசு இருக்கானே, அவன் ஒரு கையில போனு, ஒரு கையில ஸ்டீரிங்குன்னு ஓட்டுற ஆளு. அவன் சொல்றான், "மச்சான், அந்தச் சைக்கிள்காரன் போன் பேசிக்கிட்டே வந்திருப்பான், எழுதி வெச்சுக்கங்க"ன்னு. சடையாண்டிகிட்ட போனே கெடையாது டீச்சர்! இல்லைடான்னா, "அப்பப் பக்கத்து வீட்டுக்காரன் போனா இருக்கும்"ங்கறான்.

பையன் அதுக்கு மேல. அம்மா எப்படி இருக்கா, சாப்பிட்டாளா, ஒரு கேள்வி இல்ல. அம்பது கிலோமீட்டர் வேகத்துல போனா மூளைக்கு எட்ட எத்தனை செகண்டு, நிக்க எத்தனை மீட்டரு, ரோட்டுல மணல் இருந்தா எத்தனைன்னு போன்ல பேசிப் பேசி அனுப்புறான். படம் போட்டும் அனுப்புனான். நான் திறந்து பாக்கல.

சற்குணம் வரவர எளைச்சுப் போனதைப் பாத்துட்டு, தெரிஞ்சவங்க சொல்லித்தான் இந்த மெர்லின் மேடத்துகிட்டக் கூட்டிட்டுப் போனேன். மாத்திரை குடுக்குற டாக்டர் இல்ல. உக்கார வெச்சுப் பேசுறவங்க. புது நகர்ல வீட்டு முன் ரூமுலயே வெச்சுப் பாக்குறாங்க. அந்தா வருது பாருங்க பச்சை கேட்டு, அதான். நிறுத்த வேண்டாம், போங்க. நேரா.

நான் இந்தக் கதையையெல்லாம் சொன்னேன். மேடம் ஒரு கணக்கு சொன்னாங்க டீச்சர், நீங்க கிளாஸ்ல சொல்லலாம், அவ்வளவு சுளுவா இருந்துச்சு. வீடு ஒழுகுதுன்னு வெச்சுக்கங்கன்னாங்க. ஒருத்தன் சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டே "எங்கப்பா ஒழுகுது"ம்பான். அது மறுக்குறது. இன்னொருத்தனுக்கு ஒழுகுனதே ஞாபகத்துல இருக்காது, ஆனா மழைன்னாலே காரணம் தெரியாமப் பதறுவான். அது உள்ள போட்டு அமுக்குறது. ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும், ஒண்ணு இல்லைன்னாங்க. மூணாமத்தவன் தன் கூரையில ஓட்டையை வெச்சுக்கிட்டு பக்கத்து வீட்டுக் கூரையைக் காட்டுவான். ஒருத்தன் கூரை மேல உள்ள கோவத்தை நாய் மேல காட்டுவான். ஒருத்தன் எத்தனை சென்டிமீட்டர் மழைன்னு கணக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். ஒருத்தி விடிஞ்சதும் எந்திரிச்சு, நனையாத தரையையும் சேத்துத் தொடைச்சுக்கிட்டே இருப்பா. கடைசியா ஒருத்தன், "ஒழுகுறது நல்லதுதான், வீடு குளுகுளுன்னு இருக்கு"ன்னு காரணம் சொல்லுவான். காரணம் கேக்க நல்லாத்தான் இருக்கும்னாங்க. எல்லாருமே நனையாம இருக்கத்தான் பாடுபடுறாங்க, கெட்டவங்க இல்லைன்னாங்க.

எனக்கு ஆச்சரியமாப் போச்சு. அப்படியே எங்க வீடு! போசுக்கு எது, பையனுக்கு எது, இவளுக்கு எதுன்னு நானே டக்கு டக்குன்னு சொல்லிட்டேன். மேடம், "உங்களுக்கு எது மாஸ்டர்?"னாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், நான் கூட்டிட்டு வந்தவன்தானேன்னேன். சிரிச்சாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரியல.

எனக்கு நெசமாவே ஒண்ணும் இல்ல டீச்சர். வேலைக்கு வர்றேன், போறேன். அசதியா இருக்கும், அவ்வளவுதான். சித்திரையில டீக்கடையில கிளாஸைப் போட்டு ஒடைச்சேன். டீயில சீனி இல்ல, அதுக்குத்தான். ஒரு பேங்க் பொண்ணு கத்துக்க வந்துச்சு, ரெண்டாம் நாளே "இந்தக் கையெல்லாம் கரண்டி புடிக்கத்தான் லாயக்கு"ன்னு கத்திட்டேன். அழுதுக்கிட்டே எறங்கிப் போயிருச்சு. அதுக்கும் சற்குணத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பொண்ணு கண்ணாடியே பாக்காம திருப்புனுச்சு.

ஸ்பீடு பிரேக்கர், ஸ்பீடு பிரேக்கர். ...அழகு. பிரேக் போடுங்கன்னு நான் சொல்லலைல? நீங்களா மெதுவாப் போனீங்க. நெசமாத்தான் டீச்சர். என் காலையா பாக்குறீங்க? ரோட்டைப் பாருங்க.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. அதுவரைக்கும் தலையைக் குனிஞ்சே உக்காந்திருந்தவ, திடீர்னு நிமிர்ந்து மேடத்தைப் பாத்துக் கேட்டா. "ஸ்கூல் வண்டியில இருபத்தஞ்சு நாளும் பிரேக் போட்டது நானா, இவரா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் மேடம் எனக்கு"ன்னா.

மேடம் என்னையப் பாத்தாங்க. நான் செவுத்துக் காலண்டரைப் பாத்தேன். அப்புறம் சொன்னேன், "நீதான் போட்டே"ன்னு.

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அவ ஆயுசுக்கும் பாஸ் பண்ணுனது அது ஒண்ணு. அதையும் இல்லைன்னு சொல்லி, மிச்சமிருக்கிற தெம்பையும் புடுங்கிக்கிறதா? அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். யாரா இருந்தாலும் அதான் சொல்லுவாங்க. நீங்களும் அதான் சொல்லுவீங்க.

அவ தலையை ஆட்டுனா. "அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஒரு மனுசனை இடிச்சிருக்கேன்"னா. அழக்கூட இல்ல. வீட்டுக்கு வந்ததும் பீரோவுலேருந்து அந்த லைசென்ஸை எடுத்து என் கையில குடுத்து, "இதைத் திருப்பிக் குடுத்துருங்க"ன்னா. அதுலேருந்து சரியாச் சோறு எறங்கல அவளுக்கு. இட்லி மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டு வர்றா. சோத்துக்கு முன்னால உக்காந்து, தட்டையே பாத்துட்டு எந்திரிச்சுருவா. நேத்து பைப்படியில மயங்கி விழுந்துட்டா. இன்னிக்கும் நாலு மணிக்கு மேடத்துகிட்ட ரெண்டு பேரும் வரணும். போன வாரம் கிளாஸ் இருக்குன்னு சொல்லி நான் போகல. இந்த வாரமும் உங்களுக்கு டெஸ்ட்டு வந்துருச்சு, என்ன பண்றது. நீ முன்னால போ, நான் கிளாஸ் முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டேன்.

லைசென்ஸா? இருக்கு, இந்தா சட்டைப் பையில. எங்க போய்த் திருப்பிக் குடுக்க, அதான் வெச்சிருக்கேன்.

என்ன டீச்சர்? திரும்பச் சொல்லுங்க?

நாலு தடவை இந்தப் பச்சை கேட்டைத் தாண்டிட்டோமா? இருக்காதே. நான் இடது எடுங்கன்னு சொன்ன எடத்துல எல்லாம் எடுத்தீங்க, ரோடு அப்படிச் சுத்திக் கொண்டுவந்து விட்டுருச்சு. மணி நாலரையா? ஆகிருச்சா.

இன்னொண்ணும் கேட்டீங்களே. கிளட்ச்சை மிதிக்காம பிரேக் போட்டா வண்டி என்ன ஆகும்னு. புத்தகத்துல படிச்சீங்களாக்கும். ஆஃப் ஆயிரும். ஆமா. புதுசாக் கத்துக்கிறவங்க பதறிப் பிரேக்கை மட்டும் மிதிப்பாங்க, கிளட்ச் ஞாபகம் வராது, குலுங்கி ஆஃப் ஆயிரும். எல்லாருக்கும் ஆகும்.

உங்களுக்குப் பதினாலு நாளா ஒரு தடவையும் ஆகல. ஆமா.

அவளுக்கும் இருபத்தஞ்சு நாள் ஆகல.

...ஓட்டுங்க. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. சொல்றேன். என் பக்கத்துல பிரேக்கும் இருக்கு, கிளட்ச்சும் இருக்கு, உக்காந்தப்பவே காட்டுனேன்ல. ஆபத்துக்கு மட்டும்தான்னு சொன்னேன். பொம்பளையாளுக ஒரு தடவை வண்டி குலுங்கி நின்னா மறுநாள் வர மாட்டாங்க டீச்சர். அதனால நான் முந்திக்குவேன். அவங்களுக்குத் தெரியாம மிதிச்சுட்டு, "அழகா நிறுத்துனீங்க"ன்னு சொல்லிருவேன். அவங்களும் நம்பிச் சந்தோசமாப் போவாங்க. கடைசி வாரத்துல காலை எடுத்துட்டு, நாலு தடவை ஆஃப் பண்ணவிட்டுப் பழக்கிருவேன். எல்லாருக்கும் செய்வேன். உங்களுக்கு இன்னும் செய்யல. அவளுக்குச் செய்யவே இல்ல. அவ சிரிச்ச சிரிப்பு. அதைக் கெடுக்க மனசு வரல.

அன்னிக்கு அந்த சைக்கிள் வந்தப்போ நான்தான் முதல்ல பாத்தேன். மிதிச்சேன் டீச்சர். இந்தக் கால்தான், இந்த வலது கால், கொண்டு அழுத்துனேன். சொந்த வண்டியில இந்தப் பக்கம் என்ன இருக்கு? வெறுந்தரை. காலுக்கடியில போட்ட ரப்பர் மேட்டு கிழிஞ்சுபோச்சு. கால் வேலையைச் செஞ்சிருச்சுன்னு வாய் சும்மா இருந்துருச்சு. "சற்குணம், பிரேக்கு"ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தாக் கூட... போடல. அவ என்னையத் திரும்பிப் பாத்தா. வண்டி ஏன் நிக்கலைன்னு பாத்தா. அவ பழகுன வண்டி எப்பவுமே தானா நின்ன வண்டிதானே.

இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னும் தெரியல. நீங்க திங்கக்கிழமையோட போயிருவீங்க, அதனால இருக்கும். சொல்ல வேண்டிய எடம் இது இல்லைன்னு மூஞ்சியிலயே எழுதி வெச்சிருக்கீங்க. தெரியுது.

திரும்புங்க. இடதுதான். கடைசிச் சுத்து. இதை முடிச்சுட்டு உங்களை வீட்டுல விட்டுட்டு...

அந்தா, கேட்டுகிட்ட நிக்கிறா. வெளிய வந்து நிக்கிறா. எல் போர்டைப் பாத்துட்டா. கையைக் காட்டுறா டீச்சர். நடுரோட்டுக்கு எறங்குறா. ஏ சற்குணம்... அம்மா... டீச்சர், பிரேக்கு! பிரேக்கு!

...

நின்னுருச்சு.

குலுங்கி நின்னுருச்சு. ஆஃப் ஆயிருச்சு. தலையில எங்கயும் இடிக்கலையே உங்களுக்கு? அவளுக்கு ஒண்ணும் ஆகல, பத்தடி தள்ளித்தான் நிக்கிறா. வேர்த்துப் போச்சு உங்களுக்கு. கையை ஸ்டீரிங்குலேருந்து எடுத்து மடியில வைங்க. மன்னிச்சுக்கங்க டீச்சர், வண்டியை எடுக்கவே வேண்டாம், ஆஃப் ஆனபடியே கெடக்கட்டும்.

நான் மிதிக்கல. என் கால் அப்படியே மரத்துப் போச்சு, அசையல. வாய்தான் கத்துனுச்சு. நீங்க நிறுத்துனீங்க. பதினாலு நாள்ல இது ஒண்ணுதான் நீங்க நிறுத்துனது. முன்னால நிறுத்துனதெல்லாம் நான். திங்கக்கிழமை நீங்க டெஸ்டுக்குப் போக வேண்டாம், இன்னும் பத்து நாள் வாங்க. இனிமே காலை சீட்டு மேல மடக்கி வெச்சுக்கிட்டு உக்காருறேன். எத்தனை தடவை வேணும்னாலும் ஆஃப் ஆகட்டும்.

அங்கயே நின்னு பாத்துக்கிட்டிருக்கா. எப்படி எளைச்சுட்டா பாருங்க. ஜாக்கெட்டுக் கையெல்லாம் தொளதொளன்னு. இத்தனை நாளா நான் கண்ணுல என்னத்தை வெச்சுக்கிட்டுப் பாத்தேனோ.

சொன்னா என்னைய ஏசுவா. ஏசட்டும். அந்த லைசென்ஸ் உன் லைசென்ஸ் இல்லடின்னு சொன்னா ஒடைஞ்சு போவா, அது எனக்குத் தெரியும். ஆனா அந்த மனுசனை அவ தெரிஞ்சு இடிக்கல. ரெண்டையும் சேத்துத்தான் சொல்ல முடியும், ஒண்ணை மட்டும் சொல்ல வழியில்ல.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுட்டு அப்படியே உக்காந்திருங்க டீச்சர். கண்ணாடியை எறக்கி விட்டுக்கங்க, காத்து வரட்டும். நான் போயி அவகிட்ட, "நீதான்"னு சொன்னேன்ல, அதை மாத்திச் சொல்லிட்டு வந்துடறேன்.

இந்தா, கதவைத் திறந்துட்டேன். இடது கால் எறங்கிருச்சு. இந்த வலது காலுதான், இப்ப வந்து பிரேக் மேல ஏறி நிக்குது. ஓடாத வண்டியில. எடுத்துடறேன், ஒரு நிமிசம்.